பூசி மறைக்கும் முன்: கான்கிரீட் பரப்பில் தெரியும் குறைகளும் அவற்றின் காரணங்களும்

சென்ட்ரிங் பிரித்த கையோடு பூச்சு வேலையைத் தொடங்கிவிடுவது நம் ஊர் வழக்கம். தூணின் அடியில் ஜல்லி பிதுங்கித் தெரிந்தால் ஒரு கரணைக் கலவையை எடுத்து அப்பிவிடுவார்கள். கூரையின் அடிப்புறத்தில் கம்பியின் தடம் கோடு கோடாகத் தெரிந்தால், "பூசினால் மறைந்துவிடும் சார்" என்பார் மேஸ்திரி. உண்மைதான், மறைந்துவிடும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே கோட்டில் பூச்சு வெடித்துத் துருப்பிடித்த கம்பி எட்டிப் பார்க்கும்போது, வீட்டுக்காரர் சிமென்ட் கம்பெனியைத் திட்டுவார்; இல்லையென்றால் கடற்காற்றை.

ஒரு வீட்டின் ஆயுளில் கான்கிரீட் பூச்சில்லாமல் வெறுமனே நிற்பது சில நாட்களோ சில வாரங்களோதான். கலவையில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது, கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் எந்த மூலைக்குப் போகவில்லை, வேலை எங்கே இடையில் நின்றது, பிறகு தண்ணீர் ஊற்றினார்களா இல்லையா என்பதெல்லாம் அந்தப் பரப்பில் பதிந்திருக்கும். பூசிவிட்டால் சாட்சி போய்விடும். கட்டடக் குறைகளைப் பற்றி நாம் நடத்தும் பஞ்சாயத்துகளில் பாதி, சாட்சியை அழித்துவிட்டு அப்புறம் நடத்தும் விசாரணைதான்.

காவல் காக்கும் ஓர் அங்குலம்

பரப்பில் தெரியும் குறையை அழகுப் பிரச்சினையாகவே பலரும் பார்க்கிறார்கள். பூச்சும் பெயின்ட்டும் வரப்போகின்றன, பிறகென்ன என்ற நினைப்பு. ஆனால் உள்ளே இருக்கும் கம்பிக்குக் காவல் அந்த வெளி ஓர் அங்குலம்தான். சிமென்ட் நீரோடு வினைபுரியும்போது சுண்ணாம்பும் உண்டாவதால், கான்கிரீட்டின் உட்புறம் கடுமையான காரத்தன்மையோடு இருக்கும், காரத்தைக் காட்டும் பி.எச். அளவு 12.5-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ நிற்கும். அந்தச் சூழலில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று உருவாகித் துருவைத் தடுக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல மெல்ல உள்ளே நுழைந்து அந்தக் காரத்தைத் தணிக்கும். பி.எச். 9 அளவுக்கு இறங்கினால் படலம் நிலைக்காது. கடலோரத்திலோ குளோரைடு உப்பு காரம் குறையும்வரைகூடக் காத்திருப்பதில்லை. நேராகப் படலத்தைத் துளைத்துவிடும். இரும்பு துருவானால் இரண்டு முதல் ஆறு மடங்குவரை இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளிருந்து தள்ளும் அந்த அழுத்தத்தைத் தாங்க இழுவிசை வலிமை வேண்டும். அது கான்கிரீட்டிடம் குறைவு. முதலில் கம்பி ஓடும் வழியில் விரிசல் விழும், பிறகு பாளம் பாளமாகப் பெயரும்.

இவ்வளவு பொறுப்பைச் சுமக்கிற அந்த அங்குலம்தான் முழுக் கான்கிரீட்டிலும் மிக மோசமாகத் தயாராகும் பகுதி என்பது வேடிக்கை. மேலே மிதந்து வரும் உபரித் தண்ணீர் அங்கேதான் சேர்கிறது. வெயிலும் காற்றும் முதலில் உலர்த்துவது அதைத்தான். பலகை இடுக்கு வழியாகச் சிமென்ட் பால் ஒழுகிப்போவதும் அங்கிருந்துதான். சோதனைக்காக வார்க்கும் 150 மி.மீ. கனசதுரக் கட்டிகளோ 28 நாளும் தொட்டித் தண்ணீரில் சொகுசாகக் கிடந்துவிட்டு, இயந்திரத்தில் நசுங்கி, நல்ல மதிப்பெண் வாங்கிவிடுகின்றன. தளத்தின் வெளி அங்குலத்துக்கு அந்தச் சொகுசு கிடைப்பதில்லை. 'கியூப் ரிப்போர்ட் பாஸ்' என்பது மிக்சரிலிருந்து இறங்கிய கலவைக்குக் கிடைத்த சான்றிதழ். அதே கலவையால் போட்ட உங்கள் மாடித் தளத்தின் பரப்பைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

முதல் சில மணி நேரம்

மே மாதம், பிற்பகல் இரண்டு மணி. வேலூரிலோ மதுரையிலோ ஒரு மாடித் தளம். காலையில் போட்ட பகுதி மட்டப்பலகை இழுத்து முடித்து, ஈரத்தில் மினுமினுத்துக் கிடக்கிறது. சிறிது நேரத்தில் மினுமினுப்பு மங்கி, பரப்பு சாம்பல் பூத்துவிடுகிறது. அதற்குப் பிறகு பார்த்தால், தளத்தின் ஓரத்துக்குச் சாய்வாக, ஏறத்தாழ ஒன்றுக்கொன்று இணையாக, ஓர் அடியிலிருந்து மூன்று அடி இடைவெளியில் விரிசல்கள் தெரிகின்றன. மேலே ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இருக்கலாம். கோடையில் வற்றிய ஏரியின் சேறு வெடிப்பதும் இதுவும் ஒரே கணக்குதான்.

புதிய கான்கிரீட்டில் ஜல்லியும் மணலும் கீழே இறங்க, தண்ணீர் மேலே வரும். அந்த நீர் மேலே வரும் வேகத்தைவிட ஆவியாகும் வேகம் கூடினால், பரப்பு உலர்ந்து சுருங்கத் தொடங்கும். இழுவிசையைத் தாங்கும் வலு அப்போது அதற்கு வந்திருக்காது. சதுர மீட்டருக்கு மணிக்கு 1 கிலோ தண்ணீர் ஆவியாவதை எச்சரிக்கை எல்லையாகப் பொறியாளர்கள் வைத்திருக்கிறார்கள். அதாவது ஒரு மணி நேரத்தில் 1 மி.மீ. உயரத் தண்ணீர். வெப்பநிலை 35 டிகிரி, ஈரப்பதம் 40 விழுக்காடு, காற்று மணிக்கு 15 கிலோமீட்டர் இருந்தாலே அந்த எல்லை கடந்துவிடும். நம் கோடையில் இது அசாதாரண நாளே அல்ல. வெயிலைவிடக் காற்றுதான் பெரிய எதிரி என்பதையும் கவனியுங்கள். ஆடிக் காற்றில் மேகமூட்டமான நாளில்கூட இந்த விரிசல் விழும்; "வெயிலே இல்லையே, எப்படி?" என்று எல்லோரும் விழிப்பார்கள்.

பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. இந்த விரிசல் விழுவது கான்கிரீட் போட்ட அன்று பிற்பகலில். பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவது மறுநாள். ஆகவே, "வாட்ச்மேன் ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றவில்லை, தளம் வெடித்துவிட்டது" என்று சொல்வது அந்த மனிதருக்குச் செய்யும் அநியாயம். தடுப்பு அன்றைய நாளிலேயே நடந்திருக்க வேண்டும்: விடியலிலேயே தொடங்குவது, ஜல்லியைக் குவியலிலேயே நனைத்துக் குளிர்வித்து வைப்பது, சென்ட்ரிங் தகட்டையும் கம்பியையும் முன்பே நனைப்பது (தேங்கிய நீர் இருக்கக் கூடாது), காற்று வரும் பக்கம் தார்ப்பாய் கட்டுவது, மட்டம் இழுத்து முடித்த பகுதியை உடனுக்குடன் பாலிதீன் விரிப்பால் மூடுவது. கான்கிரீட்டை இறக்கும்போது அதன் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது வெப்பகாலக் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 7861 வைத்த எல்லை. இத்தனைக்குப் பிறகும் விரிசல் தலைகாட்டினால், கலவை இறுகும் முன் மணியாசுக் கட்டையால் அழுத்தித் தேய்த்து மூடிவிடலாம். இறுகிய பிறகு அந்த வாய்ப்பு கிடையாது. மேலோட்டமாகச் சிமென்ட் பாலைத் துடைத்துவிடுவது விரிசலை மூடுவதில்லை, ஒளித்துவைக்கிறது.

இதே மணி நேரங்களில் விழும் இன்னொரு விரிசல் உருவத்தில் வேறு. மேற்பரப்பில் கட்டம் கட்டமாக, கம்பி எப்படிக் கட்டப்பட்டதோ அதே இடைவெளியில் கோடுகள் தெரியும். கம்பி 150 மி.மீ.க்கு ஒன்று என்றால் விரிசலும் 150 மி.மீ.க்கு ஒன்று. நீர்த்த கலவை கீழே அமிழும்போது கம்பி மட்டும் அமிழாமல் நிற்பதால், அதன் முதுகின் மேல் கலவை பிளக்கிறது. கம்பியின் அடிவயிற்றில் ஓர் இடைவெளியும் விழுந்திருக்கும். இது முன்சொன்ன சாய்வு விரிசலைவிடக் கெட்டது. காரணம், மழைநீர் கம்பியைத் தேடிப்போக வேண்டியதே இல்லை. வழி நேராகக் கம்பியின் மேல், அதன் நீளம் முழுக்கத் திறந்திருக்கிறது. கலவையில் தண்ணீரைக் குறைப்பதும், இறுகும் முன் பரப்பை மறுபடி ஒருமுறை தட்டி அமுக்குவதும் இதற்கு மருந்து.

குழாயைப் பிடித்திருப்பவர் யார்

பரப்புக் குறைகளின் பெரும்பகுதியை ஒரே இடத்தில் நிறுத்தலாம்: மிக்சரின் வாயில். இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு மிகச் சாதாரணச் சூழலிலேயே நீர்-சிமென்ட் விகிதம் 0.55-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. 50 கிலோ மூட்டைக்கு 27.5 லிட்டர். கடலோரச் சூழலுக்கு 0.45, அதாவது 22.5 லிட்டர். மணலில் ஏற்கெனவே இருக்கும் ஈரமும் இந்தக் கணக்கில் அடக்கம். மழையில் நனைந்த எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) குவியலிலிருந்து அள்ளும்போது பல லிட்டர் தண்ணீர் சொல்லாமலே உள்ளே போகிறது. அதன் மேல் குழாயைப் பிடித்துக் கண்ணளவில் ஊற்றினால் 35 லிட்டரைத் தொடுவது சுலபம்.

இதற்குக் கூலியாட்களைத் திட்டிப் பயனில்லை. கெட்டியான கலவையைப் பாண்டில் சுமந்து, நெருக்கமாகக் கட்டிய கம்பிக்கு நடுவே திணிப்பது அவர்கள் முதுகுதான். கலவை ஓட வேண்டுமென்றால் அதற்குத் தண்ணீர் வழியல்ல. பிளாஸ்டிசைசர் என்ற திரவம் கடையில் கிடைக்கிறது, குறிப்பிட்ட அளவில் சேர்த்தால் தண்ணீரைக் கூட்டாமலே கலவை இளகும். ரெடிமிக்ஸ் லாரி வந்து நின்ற பிறகு பம்ப் இழுக்கவில்லை என்று டிரம்மில் தண்ணீர் விடுவதும் இதே குற்றம்தான். காசு கொடுத்து வாங்கிய தரம் அந்த நிமிடத்தில் கரைந்துபோகிறது.

கூடுதல் தண்ணீர் பரப்பில் மூன்று விதமாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். உலர்ந்த தளத்தை உள்ளங்கையால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டிக்கொள்ளும். சாவியால் கீறினால் பள்ளம் விழும். மேலே மிதந்த நீரோடு சேர்ந்து வந்த நுண்தூள், வலுவில்லாத தோலாகப் படிந்திருக்கிறது என்று பொருள். இரண்டாவது, வலை பின்னியதாக மெல்லிய முடி விரிசல்கள். இவை பெரும்பாலும் 3 மி.மீ. ஆழத்தைத் தாண்டாதவை. பார்க்கப் பயமாக இருந்தாலும் தளத்தின் வலுவுக்கு ஒன்றும் ஆகாது. காய்ந்த பரப்பில் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் தெளித்து, பரப்பு காயும்போது பார்த்தால் விரிசலில் மட்டும் ஈரம் தங்கிக் கறுத்துத் தெரியும். எந்த விரிசலைத் தேடவும் இந்த எளிய உத்தி உதவும். மூன்றாவது, மேல் தோல் அப்பளமாகப் பெயர்வது. இதற்கு முக்கியக் காரணம் ஓர் அவசர வழக்கம்: தண்ணீர் மினுங்கும் பரப்பின் மேல் உலர் சிமென்ட்டைத் தூவி, கரணையால் வழவழவென்று தேய்ப்பது. தண்ணீரை உறிஞ்சிவிட்டதாகத் தோன்றும். உண்மையில் மேலே ஒரு கெட்டித் தோல் மூடிக்கொள்ள, கீழிருந்து வந்துகொண்டிருக்கும் நீர் அதன் அடியில் சிறைப்படுகிறது. போர்ட்டிகோ தரையும் கார் நிறுத்தும் தளமும் இரண்டே ஆண்டில் செதில் செதிலாகப் பெயர்வதற்கு, காரின் எடையைவிட இந்தத் தூவல்தான் பெரும்பாலும் காரணம். மேலே வந்த நீர் தானாக வற்றும்வரை காத்திருப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை.

எம்-சாண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆற்று மணல் அரிதான பிறகு அதுவே நம் கட்டுமானத்தின் மணல். முறையாக உடைத்து, கழுவி, சலித்த எம்-சாண்ட் மேல் எனக்குப் புகார் இல்லை. ஜல்லி உடைக்கும்போது விழும் கிரஷர் தூளையே எம்-சாண்ட் என்று இறக்கிவிட்டுப் போவதுதான் பிரச்சினை. தூள் கூடினால் தண்ணீர் கேட்கும்; தண்ணீர் கூடினால் மேலே சொன்ன மூன்றும் வரிசையாக வரும்.

தேன்கூடும் மதியச் சாப்பாடும்

பலகையைப் பிரித்ததும் முதலில் பார்க்க வேண்டிய இடம் தூணின் அடிப்பாகம். கட்டடத்தில் தேன்கூடு அதிகம் விழுவது அங்கேதான். கலவையில் சிமென்ட்டும் மணலும் இல்லாமல் ஜல்லி மட்டும் இடைவெளிகளோடு ஒட்டி நிற்பதைத்தான் தேன்கூடு என்கிறோம். காரணங்கள் கைகோத்து வருபவை. மூன்று மீட்டர் உயரத்திலிருந்து கொட்டினால் ஜல்லி முதலில் விழுந்து தனியாகக் குவியும். விதி அனுமதிக்கும் உயரம் 1.5 மீட்டர். பலகையின் அடி இடுக்கை அடைக்காவிட்டால் சிமென்ட் பால் அந்த வழியே ஓடிவிடும். பீமும் தூணும் சேரும் இடத்தில் கம்பி நெருக்கத்தால் வைப்ரேட்டர் ஊசி உள்ளே போகாது. போகாத இடத்தில் இரும்புக் கம்பியால் நாலு குத்து குத்தி முடித்துவிடுவார்கள்.

வைப்ரேட்டரை வைத்தே கெடுப்பவர்களும் உண்டு. ஊசியைச் செங்குத்தாக வேகமாக இறக்கி, காற்றுக் குமிழி வருவது நிற்கும்வரை வைத்திருந்து, மெதுவாக எடுக்க வேண்டும். அவசரமாக எடுத்தால் ஊசி நின்ற இடத்தில் ஓட்டை தங்கும். மிக அதிக நேரம் வைத்தால் ஜல்லி கீழே தங்கி, மேலே வெறும் சாந்து நிற்கும். ஊசியால் கலவையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு இழுத்துச் செல்வது எல்லாவற்றிலும் மோசம்.

தேன்கூட்டையும் சாதாரணக் காற்றுத் துளைகளையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தூண் முகத்தில் பட்டாணி அளவில் அங்கங்கே தெரியும் வழவழப்பான குழிகள், பலகையில் ஒட்டி நின்ற காற்றுக் குமிழிகளின் தடம். பலகைக்கு எண்ணெயை, அதிலும் வண்டியிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயை, அளவுக்கு மீறிப் பூசினால் இவை கூடும். கறையும் படியும், பூச்சும் சரியாக ஒட்டாது. வலுவைப் பொறுத்தவரை கவலையில்லை. தேன்கூட்டில் அப்படிச் சொல்ல முடியாது. உளியால் தட்டிப் பார்த்து, ஜல்லி எளிதாக உதிர்ந்து கம்பி தெரிகிறதா என்று கண்டபிறகுதான் அது தோலோடு நின்றதா, உள்ளே போனதா என்று சொல்ல முடியும்.

கான்கிரீட் அன்று வேலையாட்களுக்கு வீட்டுக்காரர் பிரியாணி போடுவது பல ஊர்களில் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து எழுந்து வருவதற்குள், நிறுத்திய இடத்துக் கலவை வெயிலில் இறுகியிருக்கும். அதன் மேல் புதிய கலவையைக் கொட்டினால் இரண்டும் ஒன்றாகாது. சென்ட்ரிங் பிரித்தபின் தளத்தின் அடியில் குறுக்கே ஒரு கோடு, இரு பக்கமும் நிறம் சற்றே மாறி, தெரியும். முதல் மழைக்குச் சொட்டுவது அந்தக் கோட்டில்தான். ஆட்களை இரண்டு அணியாகச் சாப்பிட அனுப்பினால் தீர்ந்தது. ஒருவேளை நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் எங்கே நிறுத்துவது என்பதைப் பொறியாளர் முன்கூட்டியே குறித்திருக்க வேண்டும். அந்த முகத்தைக் கொத்தி, கழுவி, நனைத்த பிறகே தொடர வேண்டும்.

கூரையின் அடிப்புறத்தில் கம்பியின் தடம் தெரிவதற்கு வருவோம். கம்பிக்குக் கீழே உறையாக இருக்க வேண்டிய கான்கிரீட் இல்லை என்பதே அதன் பொருள். சாதாரணச் சூழலில் தளத்துக்கு 20 மி.மீ., தூணுக்கு 40 மி.மீ., கடலோரச் சூழலில் 45 மி.மீ. என்று விதி கேட்கிறது. உடைந்த ஜல்லித் துண்டையோ டைல்ஸ் சில்லையோ கம்பிக்கடியில் செருகுவதற்குப் பதிலாக, சரியான உயரத்தில் கான்கிரீட் கவர் பிளாக் வைத்தால் செலவு சொற்பம். வைத்த பிறகும் ஆட்கள் கம்பியின் மேல் நடந்தே கலவையைக் கொண்டுவருவதால் பிளாக் நழுவும். நடக்கப் பலகைப் பாதை போட வேண்டும். பால்கனியிலும் சன்ஷேடிலும் இது உயிர்ப் பிரச்சினை. அங்கே முக்கியக் கம்பி மேற்பக்கம் இருக்க வேண்டியது. மிதிபட்டு அது கீழே அமுங்கிவிட்டால், சுவரை ஒட்டி மேற்பரப்பில் நீளமான விரிசல் ஒன்று விழும். அதைப் பார்த்தால் பூச்சுக்காரரை அல்ல, கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள்.

ஏழு நாள் கணக்கு போதாது

நீராற்றுதல், அதாவது இறுகிய கான்கிரீட்டை ஈரம் காயாமல் வைத்திருப்பது, ஏழு நாள் என்பது நம் மனதில் பதிந்த எண். அது கலப்பில்லாத சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்கு, மிதமான வானிலைக்குச் சொன்ன குறைந்தபட்ச அளவு. இன்று வீட்டு வேலைக்குக் கடையில் வாங்கும் மூட்டைகளில் பெரும்பாலானவை பி.பி.சி.; அனல்மின் நிலைய நிலக்கரிச் சாம்பல் கலந்தவை. அந்தச் சாம்பல், சிமென்ட் வெளியிடும் சுண்ணாம்போடு மெதுவாகத்தான் வினைபுரியும். பொறுமையாகத் தண்ணீர் கொடுத்தால் சாதாரணச் சிமென்ட்டைவிட அடர்த்தியான பரப்பு கிடைக்கும். ஏழாம் நாள் நிறுத்திவிட்டால் இரண்டும் கெட்டான் நிலை. கலப்பு சிமென்ட்டுக்கும் வறண்ட வெப்பமான வானிலைக்கும் 10 நாள் குறைந்தபட்சம் என்றும், கலப்பு சிமென்ட்டுக்கு அதை 14 நாளாக நீட்டலாம் என்றும் விதியே சொல்கிறது. 14 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தளத்தில் பாத்தி கட்டி நீர் தேக்குவது எளிது, பெரும்பாலும் நடக்கிறது. தூணும் பீமின் பக்கமும்தான் அனாதைகள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை குழாயால் பீச்சுவது நீராற்றுதல் அல்ல. வெயிலில் அரை மணியில் காய்ந்துவிடும். நனைந்து காய்ந்து நனைவது பரப்புக்கு நல்லதும் அல்ல. சாக்கைச் சுற்றிக் கட்டி, அதை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். மேலே பாலிதீன் சுற்றினால் இன்னும் நல்லது. தண்ணீரின் தரமும் முக்கியம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். சென்னையின் கடலோரப் பகுதிகளில் உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீரைக் கலவைக்கும் நீராற்றவும் பயன்படுத்தினால், துருவை நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததாகும்.

குடிவந்த பிறகு

பூச்சு ஏறிய வீட்டில் முதல் கேள்வி, விரிசல் பூச்சிலா கான்கிரீட்டிலா என்பது. 2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் கை பட்டாலே சுவர் உதிர்ந்த காட்சி தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டது. அங்கே உதிர்ந்தது பூச்சு. பூச்சின் குறை வேறு, கான்கிரீட்டின் குறை வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் பரிகாரமும் தப்பாகப் போகும். விரிசல் மீது ஓரிடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் பார்ப்பதே நேர்வழி. விரிசல் கான்கிரீட்டிலும் தொடர்ந்தால் அகலத்தை அளக்க வேண்டும். சாதாரண ஜெராக்ஸ் தாள் ஏறத்தாழ 0.1 மி.மீ. கனம். மூன்று தாள் சேர்த்த கனம் 0.3 மி.மீ.; பாதுகாப்பான சூழலில் விதி பொறுத்துக்கொள்ளும் எல்லை அது. ஈரத்துக்கும் மண்ணுக்கும் முகம் கொடுக்கும் இடத்தில் 0.2. விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவைத்தால், அது வளர்கிறதா நின்றுவிட்டதா என்பது சில மாதங்களில் தெரிந்துவிடும். பீமின் நடுவில் அடியிலிருந்து மேலேறும் விரிசல், தூணை ஒட்டிப் பீமில் சாய்வாக ஓடும் விரிசல் ஆகியவற்றுக்கு அந்தக் காத்திருப்பெல்லாம் வேண்டாம், உடனே பொறியாளர்.

பழைய வீடுகளில் துரு முதலில் வெளிப்படும் இடங்கள் அநேகமாக ஒன்றேதான்: சன்ஷேடின் அடிப்புறம், குளியலறைக் கூரை, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழுள்ள தளம். கம்பி வழியே நேர்க்கோட்டில் விரிசலும் பழுப்புக் கறையும் தெரியும். சுத்தியலின் பிடியால் தட்டினால் நல்ல இடம் கணீரென்றும் பெயர்ந்த இடம் டொப்பென்றும் ஒலிக்கும். வெள்ளையாகப் பூத்து நிற்கும் படிவத்தைப் பலர் துரு அளவுக்குப் பயப்படுகிறார்கள். கான்கிரீட்டின் சுண்ணாம்பைத் தண்ணீர் கரைத்து வெளியே கொண்டுவந்து, அது காற்றில் மறுபடி கல்லாகியிருக்கிறது, உடனடி ஆபத்தில்லை. ஆனால் தண்ணீருக்கு உள்ளே ஒரு வழி இருக்கிறது என்பதற்கு அது அத்தாட்சி.

சந்தேகத்தைத் தீர்க்கச் சில சோதனைகள் உண்டு. புதிதாக உடைத்த முகத்தில் பினாஃப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் உயிரோடிருக்கும் பகுதி அடர் இளஞ்சிவப்பாகும். நிறமே மாறாத பகுதியில் காவல் போய்விட்டது. நிறமற்ற பட்டை கம்பியை எட்டிவிட்டதா என்பதுதான் பார்க்க வேண்டியது. மீயொலியைச் செலுத்தி வேகத்தை அளக்கும் சோதனையில் நொடிக்கு 3.5 கிலோமீட்டருக்கு மேல் வந்தால் நல்ல கான்கிரீட், அதற்குக் கீழே போனால் சந்தேகத்துக்குரியது. பரப்பில் மோதி எகிறும் சுத்தியல் சோதனையை மட்டும் தனியாக நம்பாதீர்கள். கரியமில வாயு ஏறிய பழைய பரப்பு கெட்டிப்பட்டிருப்பதால், கருவி உண்மையைவிட உயர்ந்த எண்ணைக் காட்டும்.

ஒட்டுப்போடுவதிலும் ஒழுங்கு

ஆழமில்லாத தேன்கூட்டைச் சரிசெய்வது கடினமல்ல. தளர்ந்த ஜல்லியையெல்லாம் திடமான கான்கிரீட் வரும்வரை கொத்தி எடுக்க வேண்டும். ஓரங்களைச் சரிவாக விடாமல் செங்குத்தாக வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டு விளிம்பில் மெலிந்து பெயரும். கழுவி, நன்றாக நனைத்து, தேங்கிய நீரைத் துடைத்துவிட்டு, தண்ணீர் குறைந்த பாலிமர் கலவையால் அழுத்தி நிரப்ப வேண்டும். பிறகு அதற்கும் நீராற்ற வேண்டும். பெரும்பாலோர் மறப்பது இதைத்தான். கம்பிக்குப் பின்னால் போய்விட்ட தேன்கூட்டுக்கு, அதுவும் சுமை ஏறிய தூணில், மேஸ்திரியின் யோசனை போதாது. முட்டுக் கொடுக்காமல் கொத்துவதே ஆபத்து.

துருப்பிடித்த இடத்தில் உதிர்ந்ததை மட்டும் தட்டிவிட்டு மேலே பூசுவது பணத்தை வீணாக்குவது. கம்பியின் பின்பக்கமும் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி, துருவை இரும்பின் நிறம் தெரியும்வரை சுத்தம் செய்து, காப்புப் பூச்சு கொடுத்து, மெலிந்துபோன கம்பிக்குத் துணைக்கம்பி வேண்டுமா என்று கணக்குப் பார்த்த பிறகே நிரப்ப வேண்டும். உப்பு ஏறிய கடலோரக் கட்டடங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒட்டுப்போட்ட பகுதியில் கம்பி மறுபடி பாதுகாப்பு பெறுகிறது. அதற்கு அடுத்த பகுதி பழைய உப்புக் கான்கிரீட்டிலேயே கிடக்கிறது. ஒரே கம்பியில் இந்த இரு நிலைகளும் அருகருகே அமையும்போது மின்வேதிச் செயல் இடம் மாறி, ஒட்டின் விளிம்பை அடுத்துத் துரு வேகமெடுக்கும். பழுதுபார்த்த ஒப்பந்தக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று தோன்றும். அவர் ஒழுங்காகச் செய்திருந்தாலும் இது நடக்கலாம். இதைத் தடுக்க ஒட்டுக்குள் கம்பியோடு துத்தநாகத் துண்டு ஒன்றை இணைத்துப் புதைக்கிறார்கள். கம்பிக்குப் பதில் அது அரிபட்டுக் கரையும். அந்த ஏற்பாடு இல்லாத வீடுகளில், ஒட்டைச் சுற்றி ஓரடி அகலத்துக்கு ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னும் சுத்தியலால் தட்டிக் கேட்டுவிடுவது நல்லது.